அறுபத்தொன்பதாம் ஜோடி

பிரித்துத் தர மாட்டோம் என்றாள் இசெலின்,
கையுறை போட்ட விரல்களால்
பெட்டியை எங்கள் பக்கம் திருப்பியபடி.

எழுபது ஜோடிதான் செய்தார்களாம்.
இது அறுபத்தொன்பதாவது.
திரொம்சோ கிடப்பதும்
அறுபத்தொன்பதாம் பாகையில் என்பதால்
எங்களுக்கென்றே எடுத்து வைத்தாளாம்.
ஒட்வார் நம்பினான்.
நான் நம்பவில்லை, ஆனால் பிடித்திருந்தது.

ஒன்றின் முகம் வெள்ளை: இரவில்லாத ஜூன்.
மற்றதன் முகம் கறுப்பு: பகலில்லாத டிசம்பர்.
கறுப்பில் எண்களே இல்லை.
பன்னிரண்டின் இடத்தில் மட்டும்
ஒரு நீலக் கீற்று,
குளிர்கால நண்பகலில்
தெற்கு மலைமேல் சற்றே வந்து போகுமே,
அந்த நீலம்.

எனக்கு அது மட்டும் போதும்.
பாதி விலை தருகிறேன் என்றேன்.
இசெலின் சிரிக்கவில்லை.
பெட்டி ஒன்று, பூட்டு ஒன்று,
சான்றிதழும் ஒன்றுதான்.
தனித்தனியே விற்கப் போனால்
இரண்டும் சேர்ந்தும்
ஒன்றின் விலைக்குப் போகாது என்றாள்.

நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம் குரோனர்.
ஹாவெல்லாவை விற்றதில்
வரி போக, கடன் போக,
ஒட்வாரின் விவாகரத்து போக
மிஞ்சியது ஏறக்குறைய அவ்வளவே.
படகாக இருந்தவரை
அதைப் பாதியாக்க யாருக்கும் தோன்றவில்லை.
வாயும் வயிறும் வேறு என்பது
பணமானதும்தான் தெரிந்தது.

பணத்தை மறுபடியும்
பிரிக்க முடியாத ஒன்றாக்கிவிட நினைத்தான்.
அப்படிச் சொல்லவில்லை.
விலை ஏறும் என்றுதான் சொன்னான்.

நாலு மணிக்கு அடைத்துவிடுவோம்,
பெர்கனில் ஒருவர் காத்திருக்கிறார் என்றாள்.

படகுத்துறையில் போய் உட்கார்ந்தோம்.
காகிதப் பையில் அவித்த இறால்.
உரித்துக்கொண்டே சண்டை போட்டோம்.

கட்டக் கூடாது என்றான்.
கட்டினால் கீறல் விழும், கீறினால் விலை விழும்,
வங்கிப் பெட்டகத்தில் கிடக்கட்டும்.
கட்டாத வாட்ச் யாருக்கு மணி காட்டும் என்றேன்.
பெட்டகச் சாவி யாரிடம் என்றேன்.
அவன் ஒரு இறாலின் தலையைக் கிள்ளிக்
கடற்பறவைக்கு எறிந்தான்.
நீ முதலில் செத்தால்?
உன் மகன் சூதாட்டக் கடனுக்காக
வெள்ளையை மட்டும் விற்றுவிட்டால்?
ஸ்டியானைப் பற்றிப் பேசாதே என்றான்.
பேசினேன்.

பத்தொன்பது வருஷம்
ஒரே சுக்கான் அறையில் நின்றவர்கள்.
கயிறு. இடப்பக்கம். போதும்.
அதற்குமேல் வார்த்தை தேவைப்பட்டதில்லை.
வலை இறக்கும் நேரத்தை அவன்தான் சொல்வான்,
தண்ணீரைப் பார்த்து.

கடைசியில் அவனே இறங்கி வந்தான்.
வருஷத்துக்கு இரண்டு நாள் கட்டலாம்.
நவம்பரில் சூரியன் போகும் நாளில்
நீ கறுப்பைக் கட்டு.
ஜனவரியில் திரும்பும் நாளில் நான் வெள்ளையை.
அன்று ஊரெல்லாம் தின்கிற சூரிய பன்னை
என் செலவிலேயே வாங்குகிறேன்.

சரி என்று நான் சொல்லவில்லை.
எழுந்து நின்றேன்.
அதற்கு என்ன பொருளென்று அவனுக்குத் தெரியும்.

வெயில் இன்னும் முகத்தில் அடித்தது.
நேரம் இருக்கிறது என்றான்.
இருக்கிறது என்றேன்.

கடை பூட்டியிருந்தது.
பக்கத்து மதுக்கடை வாசலில் புகைத்துக்கொண்டிருந்தவன்
மணி ஏழே கால் என்றான்.
போன்களை வண்டியிலேயே விட்டிருந்தோம்,
சண்டைக்கு நடுவே யாரும் கூப்பிடக் கூடாதென்று.
ஒட்வார் தன் மணிக்கட்டைப் பார்த்தான்,
பிறகு என்னுடையதை.
இரண்டிலும்
கயிறு அறுத்த பழைய தழும்புதான் இருந்தது.

கண்ணாடிக்குள் பெட்டி இருந்த இடத்தில்
வெல்வெட்டில் ஒரு சதுரப் பள்ளம்.
பெர்கன்காரன் என்றேன்.
இல்லை, உள்ளே எடுத்து வைத்திருப்பாள் என்றான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் திறப்பார்களாம்,
கதவில் எழுதியிருந்தது.
யார் யாரை எழுப்புவது என்பதில்
மறுபடியும் தொடங்கியது.